இடக்கையின் சுமை

இசை கற்கத் தொடங்கி இடையிலே விட்டவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். காரணம் கேட்டால், தமக்கு இசை ஞானம் போதாது என்று தம்மீதே பழி போட்டுக்கொள்வார்கள். அல்லது வீட்டார் அவர்களுக்காக, 'கைவாகு இல்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இத்தீர்ப்பின்மேல் முறையீடு எதுவும் எழுவதில்லை. கருவி பரண்மேல் ஏறிவிடுகிறது. குறை செவியில் இருந்ததா, கருவியைப் பிடித்த முறையில் இருந்ததா என்று நின்று ஆராய்ந்தவர் அரியர். இந்த இரண்டாவது கேள்வி அற்பமானதன்று என்பது நம் கருத்து. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு உயர்ந்த இடமும் உண்டு.

உத்திரமேரூர் வட்டத்துக் காவாந்தண்டலத்தில் அண்மையில் நாம் கண்ட ஒரு சிறுமியே இதை எழுதத் தூண்டினாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தாய்மாமன் விடுமுறையில் வந்தபோது அவளுக்கு ஒரு சிறு தந்திக் கருவி வாங்கி வந்திருந்தார். பத்து நிமிடம் வாசிப்பதற்குள் அவளுடைய இடது மணிக்கட்டு கடுத்தது. பெருவிரலின் அடிப்பகுதி மரத்துப்போயிற்று. 'விட்டுடு கண்ணு, அது உனக்கு வராது' என்றார் பாட்டி. அவள் வாசித்துக் காட்டியபோது நாம் கவனித்தோம். மண்வெட்டிக் காம்பைப் பற்றுவதுபோல் உள்ளங்கை முழுவதையும் கருவியின் கழுத்தில் சுற்றிப் பிடித்திருந்தாள். வலக்கை தந்திகளைத் தட்டியதோடு சரி. கருவியின் உடலை அது தொடவே இல்லை. ஆக, கருவி கீழே விழாமல் காப்பதும் இடக்கை, சுரங்களை அழுத்துவதும் இடக்கை. ஒரே நேரத்தில் தூண் வேலையும் விரல் வேலையும் அந்தச் சிறு கைக்கு இடப்பட்டிருந்தன.

அக்கருவியின் பெயர் உக்குலேலே. ஆங்கிலேயர் யூக்கலேலி என்பர். பார்வைக்குக் கித்தாரின் குழந்தைபோல் இருக்கும். மிகச் சிறிய வகையின் மொத்த நீளமே ஏறக்குறைய 21 அங்குலம். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. தந்திகள் நான்கு. வீணையில் மெழுகின்மேல் பதித்த மெட்டுகளைப் போலவே இதன் கழுத்திலும் உலோக மெட்டுகள் உண்டு; ஆனால் அவை மரத்திலேயே பதிக்கப்பட்டு மிகத் தாழ்வாக இருக்கும். இப்போது நம் நகரங்களிலும் இளைஞர் பலர் இதை விரும்பி வாங்குகின்றனர்.

இதன் பிறப்புக் கதை நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். அட்லாண்டிக் கடலில் போர்த்துகீசியருக்குரிய மதெய்ரா என்ற தீவு இருக்கிறது. அத்தீவின் தலைநகர் ஃபுன்ஷால். 1514-இல் ஃபுன்ஷால் மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, போர்த்துகீசியக் கப்பல்கள் சென்று தொட்ட கீழைநாட்டுப் பகுதிகள் அதன் ஆளுகைக்குள் வைக்கப்பட்டன. 1530-களில் கோவா தனி மறைமாவட்டமாகும்வரை, இந்தியக் கடற்கரையில் ஏற்பட்ட கத்தோலிக்க சபைகளுக்கும் அத்தீவின் ஆயரே மேய்ப்பர். நம் மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606-இல் பிறந்தது. ஆக, மதெய்ராவும் நாமும் ஒரு காலத்தில் ஒரே பட்டியின் ஆடுகள்!

அத்தீவிலிருந்து 400-க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் ஹவாய்த் தீவின் ஹொனலூலுத் துறையை அடைந்தது. அவர்கள் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தவர்கள். இதே 1879-இல்தான், மே மாதத்தில், இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிய லியோனிடாஸ் கப்பல் ஃபிஜித் தீவில் கரையேறியது. பாரதியார் மனம் நொந்து பாடிய ஃபிஜி அது. பசிபிக் பெருங்கடலின் கரும்பு, உலகின் இரு மூலைகளிலிருந்து ஏழைகளை இழுத்தது. ஹவாய்க்குச் சென்றவர்களிடம் மஷேத் எனப்படும் நான்கு தந்திச் சிறு கருவி ஒன்று இருந்தது. வந்த இரண்டு வாரங்களுக்குள்ளேயே, மதெய்ராத் தீவினர் இரவுதோறும் தெருவில் வாசித்து மக்களை மகிழ்விப்பதாக அங்குள்ள செய்தித்தாள் எழுதிற்று. அக்கப்பலில் வந்த மூன்று மரவேலைக்காரர்கள் மானுவேல் நூனெஸ், அகுஸ்து தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்து ஆகியோர். கடைசியவரின் பெயருக்குத் தூய ஆவியின் சூசை என்பதே பொருள். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் இம்மூவரும் ஹொனலூலுவில் பட்டறை வைத்தனர். அங்கேயே மஷேத் உக்குலேலேயாக உருமாறியது. துள்ளும் தெள்ளுப்பூச்சி என்பது அப்பெயரின் நேர்பொருள் என்பர். கலாகவுவா மன்னர் அதை அரசவை நடனத்துக்கே துணைக்கருவியாக ஏற்றார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் கண்காட்சி அதை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. பிறகு உலகம் முழுவதும் சுற்றி, இன்று காவாந்தண்டலம் வரை வந்துவிட்டது.

வந்த கருவி அயலது. ஆனால் அது இடக்கையிடம் கேட்கும் கேள்வி நமக்குப் பழையது.

நம் வழக்கத்தில் இடக்கைக்கு மதிப்பில்லை. இடக்கையால் கொடுத்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கு நாம் வைத்திருக்கும் பேச்சுவழக்குப் பெயரும் இங்கே எழுதத் தக்கதன்று. எனினும் வீணையையும் வயலினையும் பாருங்கள். வலக்கை ஒலியை எழுப்புகிறது. அவ்வொலி எந்தச் சுரமாக வேண்டும், அது எவ்வளவு அசைய வேண்டும், எங்கே குழைய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இடக்கை. நுட்பத்தில் பெரும்பகுதி அதன் பொறுப்பு. அப்படியானால் அந்தக் கைக்குப் பிற வேலைகள் எதையும் தரக்கூடாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்களா?

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் ஓர் இடம் உண்டு. கோவலன் பிரிந்தபின் மாதவி யாழை எடுக்கிறாள். இளங்கோவடிகள் அவளுடைய துயரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. முதலில் அவள் எவ்வாறு அமர்ந்தாள் என்று சொல்கிறார். ஒன்பது வகை இருக்கைகளில் முதலாவதில் அமர்ந்தாளாம். அது தாமரை இருக்கை என உரைகாரர் விளக்குவர். அதன்பின் வலக்கை யாழின் கோட்டில் எவ்வாறு பொருந்தியது என்பதும், இடக்கையின் நான்கு விரல்கள் மாடகத்தில் எவ்வாறு தழுவின என்பதும் வருகின்றன. யாழில் மெட்டு இல்லை. ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம். ஆகவே அதன் இடக்கை வேலை வேறு. நாம் கவனிக்கவேண்டியது வரிசையை. முதலில் உடல் அமர்கிறது. பிறகே கைகளைப் பற்றிய பேச்சு. இருக்கை அமையாமல் கை அமையாது என்பது அக்காலத்து இசையறிவு என்று கொள்வதில் தவறில்லை.

காவாந்தண்டலத்துக்காரர்களுக்குக் காஞ்சிபுரம் அன்றாடம் போய்வரும் ஊர்தான். அங்குள்ள கயிலாசநாதர் கோயில், இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. அவ்வரசன் அக்கோயிலில் பொறித்துக்கொண்ட பட்டப்பெயர்களுள் வீணா நாரதன் என்பதும் ஒன்று. வாத்திய வித்தியாதரன் என்பது மற்றொன்று. அரசியலை விட்டு இசைக்கருவியில் பெருமை தேடிய மன்னன்! வீணை ஏந்திய சிவனின் உருவங்களும் அக்கோயிலில் உள்ளன. ஏந்திய என்னும் சொல்லை எண்ணியே எழுதுகிறோம். அக்காலத்து வீணை நீண்ட கோல்; ஒலிக்குச் சுரைக்குடுக்கை. அதை மார்புக்குக் குறுக்கே கைகளில் ஏந்தினர்.

அடுத்த பல நூற்றாண்டுகளில் வீணை கையிலிருந்து மடிக்கு இறங்கியது. இன்று நாம் காணும் தஞ்சாவூர் வீணையின் 24 நிலையான மெட்டுகளை 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இரகுநாத நாயக்கரின் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபு. பலா மரத்தில் குடைந்த பெரிய குடம் வலப்புறம் தரையில் அமர்கிறது. யாளி முகத்தை அடுத்துள்ள சுரைக்குடுக்கை இடத் தொடைமேல் படிகிறது. தண்டி இவ்விரண்டுக்கும் நடுவே பாலம்போல் கிடக்கிறது. வாசிப்பவர் இரு கைகளையும் எடுத்துவிட்டாலும் வீணை அசையாமல் கிடக்கும். இடக்கை தண்டியின் அடிவழியாகச் சுற்றி வந்து, விரல்களை மெட்டுகளின்மேல் வளைத்து வைக்கிறது. சுமை என்பது அதற்கு அறவே இல்லை. அதனால்தான் ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மூன்று நான்கு சுரங்களைக் காட்டும் வலிமை அதற்கு எஞ்சியிருக்கிறது.

இதே அறிவு அயல்நாட்டுக் கருவி ஒன்றின்மேல் செயல்பட்டதைக் காண வேண்டுமானால் வயலினின் கதைக்கு வரவேண்டும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

ஐரோப்பாவிலேயே வயலினைப் பிடிப்பதற்கு 18-ஆம் நூற்றாண்டுவரை ஒரே முறை என்று எதுவும் இருந்ததில்லை. சிலர் மார்பில் சார்த்தினர். சிலர் தோளில் வைத்தனர். புகழ்பெற்ற மோட்சார்ட்டின் தந்தையாகிய லியோபோல்டு மோட்சார்ட்டு 1756-இல் வெளியிட்ட வயலின் பயிற்சி நூலில் இவ்விரண்டையும் எடைபோடுகிறார். மார்பில் சார்த்துவது பார்ப்பதற்கு இயல்பாகவும் அழகாகவும் இருந்தாலும், கை விரைந்து மேலேறும்போது கருவி நழுவிவிடும் என்பது அவர் கண்ட குறை. நழுவாதிருக்கப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இறுக்கிப் பிடிக்கவேண்டும். அதற்கு நெடும் பயிற்சி தேவை. காவாந்தண்டலத்துச் சிறுமியின் துன்பத்தையே அவர் எழுதி வைத்திருக்கிறார். ஏறக்குறைய 1820-இல் ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஷ்போர், மோவாயைத் தாங்கும் ஒரு சிறு மரக்கிண்ணத்தைக் கண்டுபிடித்து வயலினில் பொருத்தினார். மோவாயும் தோளும் கருவியைக் கவ்விக்கொள்ள, இடக்கைக்கு விடுதலை கிடைத்தது. இன்று மேலைநாட்டார் நின்றபடியே வாசிப்பதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் ஷ்போரின் மரக்கிண்ணம் வருவதற்கு முன்னரே வயலின் சென்னைக்கு வந்துவிட்டது. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயருடன் அவர்களுடைய வாத்தியக்காரர்களும் இருந்தனர். சென்னைக்கு வடக்கே மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இராமசுவாமி தீட்சிதரும் அவருடைய மக்களும் வாழ்ந்த காலம் அது. மூத்த மகன் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் வாத்திய இசை மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுசுரம் என்று அவற்றை இன்றும் பிள்ளைகள் பாடுகின்றனர். பின்னாளில் காஞ்சியிலும் அவர் சில ஆண்டுகள் தங்கினார். 1786-இல் பிறந்த இளையவர் பாலுசுவாமி, மணலிப் புரவலர் செய்துகொடுத்த ஏற்பாட்டின்படி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். பிறகு அதை நம் இராகங்களுக்குப் பழக்கினார். எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவரும் தஞ்சை நால்வருள் ஒருவருமான வடிவேலு, இக்கருவியில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்த தந்த வயலின் பலரும் அறிந்தது.

இவர்கள் கைக்கு வந்த கருவியில் மாற்றம் எதையும் செய்யவில்லை என்பது வியப்புக்குரியது. அதே நான்கு தந்தி, அதே வில், அதே உடல். சுருதி சேர்ப்பதை மட்டும் மாற்றினர். இன்னொன்றையும் மாற்றினர்: உட்காரும் முறையை. நம் வயலின் கலைஞர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வலப் பாதத்தைச் சற்று முன்னே நீட்டுகிறார். வயலினின் சுருள் தலை அப்பாதத்தின்மேல், கணுக்காலையொட்டிப் படிகிறது. மறுமுனை இட மார்பிலும் தோளிலும் சார்கிறது. காலும் மார்பும் ஆகிய இரு தூண்களுக்கு நடுவே வயலின் நிற்கிறது. வீணையின் தண்டி குடத்துக்கும் சுரைக்குடுக்கைக்கும் நடுவே கிடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே கட்டுமானம்! வீணை வாசித்த குடும்பங்களின் கையிலே வயலின் வந்ததால் ஏற்பட்ட விளைவு இது என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்குத் தேவையும் இருந்தது. நம் இசையில் சுரம் அசையாமல் நிற்பது குறைவு. கமகத்துக்காக விரல் தந்தியின்மேல் ஒரு சாணுக்கு வழுக்கிச் சென்று திரும்பவேண்டும். நொடிக்குள் பலமுறை அசையவேண்டும். கழுத்தைத் தாங்கும் கையால் அது ஆகாது. கை முழுவதும், பெருவிரல் உட்பட, தந்தியின் வழியே தங்குதடையின்றி ஓடவேண்டும். மேலைநாட்டார் மோவாயால் தீர்த்த சிக்கலை நம்மவர் காலால் தீர்த்தனர். கருவியைக் காலில் வைப்பதா என்று கேட்போரும் உண்டு. பக்தியில் அவர்களுக்கு நாம் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் அக்கேள்வியை நாம் பெரிதாக எண்ணவில்லை. மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையும் துவாரம் வெங்கடசாமி நாயுடுவும் லால்குடி ஜெயராமனும் அந்த இருக்கையிலிருந்தே உலகத்துக்கு வயலினைப் புதிதாகக் காட்டினர்.

பிற கருவிகளை விரைவாகத் தொட்டுச் செல்வோம். கோட்டுவாத்தியம் முழுவதும் தரையிலே கிடக்கிறது. இடக்கை கருங்காலிக் கட்டை ஒன்றைத் தந்திமேல் வழுக்குகிறது. உக்குலேலே பிறந்த அதே ஹவாயில், ஜோசப் கெக்குக்கு என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கித்தாரை மடியில் கிடத்தி, உருக்குத் துண்டால் வாசிக்கும் முறையைப் பரப்பினார். உருவத்தில் உக்குலேலேக்கு மிக நெருங்கியது மாண்டலின். பாலக்கொல்லுவில் 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த மாண்டலின் சீனிவாசன், இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகளோடு அதைக் கருநாடக இசை மேடைக்கு ஏற்றவர். அவரும் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியை மடியிலே தாங்கவிட்டுத்தான் வாசித்தார்.

இனி உக்குலேலேக்கு வருவோம். இக்கருவி சிறிதாயிருப்பதே இதன் இடர். பெரிய கித்தார் தொடையில் தானாகவே உட்கார்ந்துகொள்ளும். இது நழுவும், நழுவுவதால் இடக்கை பதறிப் பற்றுகிறது. ஆதலால் சீர்திருத்தம் வலக்கையில் தொடங்கவேண்டும். வலது முன்கையால் கருவியின் உடலை மார்போடு மெல்ல அணைத்துக்கொள்ளவேண்டும். குழந்தையை ஒரு கையால் அணைப்பதுபோல, நழுவாத அளவுக்கு மட்டும். நாற்காலியில் அமர்ந்தால் கருவியின் அடிப்பகுதி வலத் தொடையில் படியட்டும். கழுத்து தரைக்கு இணையாக இராமல் சற்றே மேல்நோக்கி இருக்கட்டும். இப்போது இடக்கையை முழுவதும் எடுத்துவிட்டுப் பாருங்கள். கருவி நின்ற இடத்தில் நின்றால் இருக்கை சரி. சரிந்தால், இடக்கையைப் பற்றிப் பேசுவதற்கே காலம் வரவில்லை. காவாந்தண்டலத்தில் இச்சோதனை தேறுவதற்கு ஒரு மாலை முழுவதும் ஆயிற்று.

நின்று வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். 1963-ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டில், குழலார்கனுக்கு முதலிடம் தந்தபின், தகுந்த பிற கருவிகளையும் உரியவரின் இசைவோடு ஏற்கலாம் என்றது. அதன்பின் நம் பாடகர் குழுக்களில் கித்தார்கள் நுழைந்தன. இப்போது சில இடங்களில் உக்குலேலேயும் வருகிறது. பாடகர் குழுவினர் பெரும்பாலும் நிற்பவர்கள். திருப்பலி முழுவதும் முன்கையால் மட்டுமே கருவியை அணைத்து நிற்பது இளையோர்க்கு எளிதன்று. தோளில் மாட்டும் ஒரு வார் போதும்; கதர்த் துணி நாடாவானாலும் சரி. வார் கட்டுவது கற்றுக்குட்டித்தனம் என்று நினைப்பவர்கள், ஷ்போரின் மரக்கிண்ணத்தை நினைத்துக்கொள்ளலாம்.

தாங்கும் வேலை நீங்கியபின் இடக்கைக்கு எஞ்சியவை சிலவே. தோளைத் தளர்த்தி முழங்கையை விலாவின் அருகே இயல்பாகத் தொங்கவிட வேண்டும். தோள் உயர்ந்தால் இறுக்கம் அங்கிருந்தே மணிக்கட்டுக்கு இறங்கும். மணிக்கட்டு பெரிதும் மடங்காமல் நேர்மையாக இருக்கட்டும். பெருவிரலைப் பற்றி ஆசிரியர்களிடையே இரு கருத்து உண்டு. கழுத்தின் பின்புறத்தில், சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் எதிராக, அதன் சதைப்பகுதி படியவேண்டும் என்பர் ஒரு சாரார். சிறிய உக்குலேலேயில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட மடிப்பில் கழுத்து இலேசாகச் சாய்ந்திருக்கலாம் என்பர் மற்றவர். இவ்விரண்டுக்குள் சண்டை வேண்டியதில்லை. தலைப்பக்கத்து மெட்டுகளில் இரண்டாவது முறை சுகமானது. கை உடல்பக்கம் நகரும்போது பெருவிரல் தானாகவே பின்னே செல்லவேண்டியிருக்கும். இரண்டிலும் உள்ளங்கை கழுத்தில் ஒட்டக்கூடாது; சிறு எலுமிச்சங்காய் புகும் இடைவெளி வேண்டும். பெருவிரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டுச் சில சுரங்களை வாசித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. அழுத்தம் பெருவிரலின் கவ்வலால் மட்டும் வரவேண்டியதில்லை, கையின் எடையே உதவும் என்பது அப்போது புரியும்.

விரல்கள் வளைந்து, நுனியால் தந்தியைத் தொடவேண்டும். நகம் வளர்ந்திருந்தால் இது நடவாது. தொடும் இடம் மெட்டின்மேல் அன்று. மெட்டை ஒட்டினாற்போல், தலைப்பக்கம். மெட்டிலிருந்து விலக விலகக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். போதாவிட்டால் தந்தி கரகரக்கும். எவ்வளவு அழுத்துவது? விரலைத் தந்திமேல் வெறுமனே வைத்து மீட்டுங்கள். மந்தமான ஒலி வரும். சிறிது சிறிதாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே மீட்டினால் ஒரு கட்டத்தில் சுரம் தெளிவடையும். அதற்குமேல் செலுத்தும் வலிமை அனைத்தும் வீண். வீண் மட்டுமன்று, கேடும்கூட. மிகுதியாக அழுத்தினால் தந்தி இழுபட்டுச் சுருதி உயர்ந்துவிடும். வீணை பழகிய கைகளுக்கு இங்கே எச்சரிக்கை தேவை. வீணையில் இழுப்பது கலை. உக்குலேலேயில் பல சுரங்கள் ஒன்றுசேர்ந்து ஒலிக்கும்போது ஒரு தந்தி மட்டும் இழுபட்டால் கூட்டொலியே கெட்டுவிடும்.

தொடக்கக்காரர் முதலில் கற்பது சி என்ற சுரக்கூட்டு. தரையை நோக்கிய தந்தியில் மூன்றாவது மெட்டை ஒரே விரலால் அழுத்தினால் முடிந்தது. சுட்டுவிரலே வலிமையானது என்று எண்ணிப் பலர் அதைக்கொண்டு எட்டிப் பிடிப்பார்கள், மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். மோதிர விரலை வைத்தால் கை தன் நிலையில் நின்றபடியே வேலை முடியும். முதல் மெட்டுக்குச் சுட்டுவிரல், இரண்டாவதற்கு நடுவிரல், மூன்றாவதற்கு மோதிர விரல் என்பது பொதுக் கணக்கு. தந்திகளைக் கண்ணால் பார்ப்பதற்காகக் கருவியை முகத்தை நோக்கிச் சாய்ப்பது மற்றொரு பழக்கம். அதனாலும் மணிக்கட்டு மடிகிறது. சில நாள் பார்க்காமல் தடவிப் பழகினால் விரல் வழியறிந்துகொள்ளும்.

வலியைப் பற்றியும் சொல்லவேண்டும். விரல் நுனி முதல் சில வாரங்கள் எரிவது இயல்பு. தோல் தடித்தபின் நீங்கிவிடும். மணிக்கட்டிலோ பெருவிரல் அடியிலோ வலிப்பதும், விரல் மரத்துப்போவதும் இயல்பல்ல. பொறுத்துக்கொள்வது சிறப்பு என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அவ்வலி வந்தால் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் வாசிப்பதைவிடப் பத்துப் பத்து நிமிடமாகப் பலமுறை வாசிப்பது நலம். சில வேளை குற்றம் கையினுடையதாகவே இராது. கழுத்தின் தலைப்பில் தந்திகள் ஏறிச் செல்லும் சிறு குறுக்குத்துண்டு உயரமாக இருந்தால், முதல் மெட்டை அழுத்த இரட்டிப்பு வலிமை வேண்டும். மலிவான கருவிகளில் இது மிகுதி. கித்தார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் அத்துண்டின் பள்ளங்களை அரத்தால் சிறிது ஆழப்படுத்தித் தருவார்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளையும் மறந்துவிடலாகாது. அவர்களை அடித்து வலக்கைக்கு மாற்றிய காலம் நம் நினைவுக்கு எட்டாததன்று. உக்குலேலேயில் இரு கைகளுக்கும் வேலை இருப்பதால், இடக்கைப் பிள்ளைகள் பலர் மற்றவர்களைப் போலவே பிடித்து நன்றாக வாசிக்கின்றனர். அவ்வாறு வராத பிள்ளைக்குக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தந்திகளின் வரிசையை மட்டும் முன்பின்னாக மாற்றிக் கட்டவேண்டும். ஓரத்துத் தந்திகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். நடுவிலுள்ள இரண்டில் ஒன்று தடித்தது. அத்தடித்த தந்திக்காகக் குறுக்குத்துண்டின் ஒரு பள்ளத்தைச் சிறிது அகலமாக்கினால், அவள் வலக்கையின் விரல்களும் மெட்டுகளைத் தேடத் தொடங்கிவிடும்.